செவிட்டுச் செல்கள்

இங்கே கொடுக்கிற தேநீர் நன்றாக இருக்கிறது. எங்கள் ஆய்வகத்தில் இத்தனை வருடமாகத் தேநீர் என்ற பெயரில் குடித்த வெந்நீரை நினைத்தால், இதற்காகவே கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாம் என்று தோன்றுகிறது. நேற்று விசாரணையில் நீங்கள் கேட்டதற்கெல்லாம் ஆமாம், இல்லை என்று வெட்டி வெட்டிப் பதில் சொன்னேன். வீட்டுக்குப் போய் யோசித்ததில் அது சரியில்லை என்று பட்டது. நீங்களும் உங்கள் வேலையைத்தானே பார்க்கிறீர்கள். அதனால் எழுதியே தந்துவிடுகிறேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும். படிக்க உங்களுக்குச் சிரமம் இருக்காது.

ரிப்போர்ட்டர் செல் என்று நான் சொன்னதும் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், யாரோ பத்திரிகைக்காரர் விஷயம் என்று நினைத்துக்கொண்டு நிமிர்ந்தார். அவர் நினைத்ததில் பெரிய தப்பு இல்லை. உள்ளே நடப்பதை வெளியே சொல்வதுதான் அந்தச் செல்லுக்கும் வேலை. ஒவ்வொரு செல்லின் மேலும் ஏற்பிகள் இருக்கும். வீட்டு வாசலில் இருக்கும் அழைப்பு மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கென்று உள்ள ஹார்மோன் வந்து அழுத்தினால் செல்லுக்குள் வேலை ஆரம்பிக்கும். ஆனால் உள்ளே மணி அடித்ததா, இல்லையா என்று தெருவில் நிற்கிற நமக்குத் தெரியாது. அதனால் மணியின் கம்பியை ஒரு விளக்கோடு இணைத்து வைக்கிறோம். மின்மினிப் பூச்சியின் மரபணுதான் அந்த விளக்கு. மணி அடித்தால் செல் ஒளிரும். கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சம் இல்லை, மெஷின்தான் அதை அளக்கும்.

எங்கள் செல்களில் நாங்கள் வைத்திருந்தது தைராய்டு சுரப்பியைத் தூண்டும் ஏற்பி. சிலருக்கு உடம்பு தன் மேலேயே கோபித்துக்கொண்டு ஓர் எதிர்ப்பொருளை உண்டாக்கும். அது போய் அந்த மணியை அழுத்திக்கொண்டு விரலையே எடுக்காது. சுரப்பி இரவு பகலாக வேலை செய்யும். ஆளுக்கு உடம்பு இளைக்கும், கை நடுங்கும், நெஞ்சு படபடவென்று அடிக்கும். அப்படிப்பட்டவர்களின் ரத்தம் ஆஸ்பத்திரிகளிலிருந்து எங்களுக்கு வரும். அதில் கொஞ்சம் எடுத்து எங்கள் செல்களின் மேல் விடுவோம். எவ்வளவு ஒளிர்கிறதோ அவ்வளவு எதிர்ப்பொருள். வேலை இவ்வளவுதான்.

இந்தச் செல்லை உருவாக்கியது நான். ஏற்பியை உள்ளே வைப்பதற்கும், அது நிலைத்து நிற்பதற்கும், வேறு எதற்கும் மயங்காமல் இந்த எதிர்ப்பொருளுக்கு மட்டும் ஒளிர்வதற்கும் என் இளமை முழுக்கச் செலவானது. எங்கள் ஆய்வகத் தலைவர் அப்போது என் பக்கத்து மேசை. ஒன்றாகப் படித்தவர்கள் நாங்கள்; அவர் என்னை நீ என்பார், நானும் அவரை நீ என்பேன். பேச்சில் அவர் மன்னர். கையில் திரவத்தை உறிஞ்சி விடுகிற பைப்பெட்டைக் கொடுத்தால் பாதி தரையில் இருக்கும். செல் வெற்றி பெற்றதும் ஊர் ஊராகப் போய் அதைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது. பேசத் தெரிந்தவர் போனார். போனவர் பெயரே அதற்கு நிலைத்தது. வெளியில் எல்லோரும் அதை அவருடைய செல் என்றார்கள். கொஞ்ச நாளில் உள்ளேயும் அப்படியே சொன்னார்கள். அவர் தலைவர் ஆனார், நான் அவரை சார் என்றேன், அவர் என்னை மேடம் என்றார். எனக்கு இதில் வருத்தம் இல்லை. நீங்கள் இதைப் பெரிய காரணமாக எழுதிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

காரணம் என்று கேட்டால், விஷத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பதற வேண்டாம், செல்களுக்குக் கொடுக்கிற விஷம். நாங்கள் வைத்த மரபணுக்கள் செல்லுக்குப் பாரம். அதற்கு அதனால் எந்தப் பிரயோஜனமும் கிடையாது. சும்மா விட்டால் சந்தடியில்லாமல் இறக்கி வைத்துவிட்டு வேகமாக வளர ஆரம்பிக்கும். அதனால் அந்தப் பாரத்தோடு சேர்த்து, ஒரு விஷத்தைத் தாங்கும் சக்தியையும் வைத்துக் கொடுப்போம். பிறகு அது குடிக்கிற நீரில் அந்த விஷத்தைக் கலந்துகொண்டே இருப்போம். பாரத்தை இறக்கிய செல் செத்துப்போகும். சுமக்கிறது பிழைக்கும், ஆனால் மெதுவாகத்தான் வளரும். சுமக்கிறவர்கள் எங்கேயும் மெதுவாகத்தானே வளர்கிறார்கள்.

தலைவருக்கு அந்த மெதுவான வளர்ச்சி பிடிக்கவில்லை. எல்லோரும் கூடியிருந்த கூட்டத்தில் என்னைப் பார்த்து, "மேடம், அந்த விஷத்த நிறுத்திப் பாருங்க. அதுங்களும் கொஞ்சம் மூச்சு விட்டு வளரட்டும். எத்தனை ஆஸ்பத்திரி வரிசையில நிக்குது" என்றார்.

"நிறுத்தினா செவிடாயிடும் சார்" என்றேன். "பார்க்க நல்லாத்தான் இருக்கும். ஏற்பி இருக்காது. மணி அடிச்சாலும் ஒண்ணுக்கும் கேக்காது."

அவர் சிரித்தார். "மேடத்துக்கு அந்தச் செல்லுங்கதான் பெத்த புள்ளைங்க. வாசப்படி தாண்ட விடுவாங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கல்யாணம் செய்துகொள்ளாத ஒருத்தியிடம் யாரும் சாதாரணமாகச் சொல்கிற வேடிக்கைதான். அன்று வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே அழுதேன். ஏன் அழுகிறேன் என்று எனக்கே வெட்கமாக இருந்தது. நானும் என் அக்காவும்தான் ஒன்றாக இருக்கிறோம். அவள் முன்னறையில் தையல் கடை வைத்திருக்கிறாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உன் செல்லு எதாவது செத்துப்போச்சாடி?" என்றாள். ஆமாம் என்றேன். அவள் துணி வெட்டப் போய்விட்டாள்.

விஷத்தை நிறுத்தினேன். அவர் சொன்னபடியே ஒரு கூட்டம் செல்களை மேல் இன்குபேட்டரில், அதாவது செல் வளர்க்கிற வெதுவெதுப்பான பெட்டியில், விஷமில்லாமல் வளர்த்தேன். ஆனால் கீழ் இன்குபேட்டரில், மூலையில், யாரிடமும் சொல்லாமல் இன்னொரு கூட்டத்தை விஷத்தோடு வைத்திருந்தேன். செல் அறைக்குள் என்னைத் தவிர யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. ஆஸ்பத்திரிகளிலிருந்து வந்த ரத்தத்தையெல்லாம் என் செல்களில்தான் போட்டேன். மேலே இருந்தவை, நான் சொன்னது மாதிரியே, மாதம் செல்லச் செல்லச் செவிடாகிக்கொண்டிருந்தன. கடைசியில் என்ன ஊற்றினாலும் இருட்டு. ஒரு நோயாளிக்குக்கூட அந்தச் செல்களால் தப்பான முடிவு போகவில்லை. வேண்டுமானால் எல்லோரையும் கூப்பிட்டு மறுபடி சோதித்துப் பாருங்கள். என் வேலையில் யாரும் குறை சொல்ல முடியாது.

இதில் நான் எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. முடிவுகள் எப்போதும் போலச் சரியாகவே வந்துகொண்டிருந்ததால், விஷமே தேவையில்லை என்று அவர் முடிவு கட்டிவிட்டார். நான் வெளியே கொண்டுவந்து வைத்த மேல் இன்குபேட்டர் செல்களை நுண்ணோக்கியில் பார்த்து, "எவ்ளோ செழிப்பா இருக்கு பாத்தீங்களா மேடம்? நீங்க சும்மா பயந்தீங்க" என்றார். பிறகு மேடையேறி, விஷமில்லாமல் வளர்க்கும் தன் முறையைப் பற்றி வாய் ஓயாமல் பேசினார். அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். நான் காப்பாற்றக் காப்பாற்ற அவர் சரியாகிக்கொண்டே போனார். என் செல்கள் சுமந்த பாரமெல்லாம் அவர் சொன்னதற்குச் சாட்சியாகிவிட்டது. உண்மையைச் சொல்லலாம் என்றால், சொல்லாமல் வேறு செல்லைப் பயன்படுத்தியதற்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும். நீங்களே சொல்லுங்கள், நான் என்ன செய்திருக்க முடியும்?

இந்த நிலையில்தான் குட்டி வந்தாள்.

குட்டி அவருடைய ஒரே மகள். சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டதும் நேராக ஆய்வகத்துக்கு வந்துவிடுகிற பிள்ளை. அவள் அம்மாவுக்கு வேலை முடிய இருட்டிவிடும். அப்பா எப்போதும் யாரோடாவது பேசிக்கொண்டிருப்பார். அதனால் என் மேசையில்தான் அவளுக்கு வீட்டுப் பாடம், என் பையிலிருந்துதான் பிஸ்கட். மெஷின் ஓடும்போது எக்கி நின்று பார்த்துவிட்டு, "வெளிச்சம் எங்க அத்தை? நீங்க பொய் சொல்றீங்க" என்று சண்டை போடுவாள். முதன்முதலில் யார் அவளுக்கு என்னை அத்தை என்று சொல்லிக் கொடுத்தார்கள் என்று தெரியாது. நானாக இருக்கலாம்.

கல்லூரியில் படிக்கும்போது அவளுக்குக் கண்கள் பெரிதாகி, கழுத்தெலும்பு தெரிய ஆரம்பித்தது. பரீட்சை பயம் என்றார் அவர். கையைப் பிடித்துப் பார்த்தவள் நான். ரத்தம் எடுத்து என் செல்களில் போட்டேன். அதுவரை நான் பார்த்திராத அளவுக்கு ஒளிர்ந்தது. சுரப்பியை எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் அவள் பக்கத்தில் தூங்காமல் உட்கார்ந்திருந்தது நானும் அவள் அம்மாவும்தான். அதன் பிறகு தினமும் ஒரு மாத்திரையோடு நன்றாக இருந்தாள். கல்யாணம் ஆயிற்று. உண்டானாள்.

இங்கேதான் நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும். சுரப்பியை எடுத்தாலும் உடம்பின் கோபம் போய்விடாது. அந்த எதிர்ப்பொருள் ரத்தத்தில் அப்படியே இருக்கலாம். அழுத்துவதற்குத் தாயிடம் சுரப்பி இல்லை; அதனால் தாய்க்கு ஒன்றும் தெரியாது, சௌக்கியமாக நடமாடுவாள். ஆனால் அது தொப்புள்கொடி வழியாகப் போய்க் குழந்தையின் சுரப்பியை அழுத்தும். குழந்தையின் நெஞ்சு குதிரை மாதிரி ஓடும். முன்னாலேயே தெரிந்துவிட்டால் பெரிய விஷயம் இல்லை. தாய்க்கு ஒரு மாத்திரை கொடுப்பார்கள், அது குழந்தைக்குப் போய்ச் சுரப்பியை அடக்கிவிடும். தெரியாமல் விட்டால் நெஞ்சு ஓடி ஓடிக் களைத்துவிடும். தெரிந்துகொள்வதற்கு நம்பகமான வழி எங்கள் சோதனைதான். அவளுடைய பிரசவ டாக்டர் நல்ல விவரமானவர். இதையெல்லாம் அவளிடம் தெளிவாகச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்.

அவளே வந்தாள். ரத்தம் எடுத்த குழாயை என் கையில் வைத்து மூடி, "அத்தை, நீங்களே பண்ணுங்க. அப்பாகிட்ட குடுத்தா வழியிலேயே கொட்டிடுவார்" என்றாள். பக்கத்தில் நின்ற அவர் சிரித்தார். "எங்க செல்லு பொய் சொல்லாதும்மா. இப்ப முன்னைவிட ஜோரா வளருது. வேணும்னா மேடத்தையே கேளு."

கேளு என்றாரே தவிர, என் முகத்தை அவர் பார்க்கவில்லை.

அவர் செல்கள் பொய் சொல்லாது என்று அவரே சொன்னார். அவர் மகளின் ரத்தத்தை அவர் செல்களில் போட்டேன். மேலே இருந்து எடுத்தேன், கீழே இருந்து எடுக்கவில்லை. அந்த ஆய்வகத்தின் விதிப்படி பார்த்தால், அவ்வளவு காலத்தில் நான் சரியாக விதியைப் பின்பற்றியது அந்த ஒரு தடவைதான்.

நேற்று நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள். நல்ல கேள்வி. சோதனைத் தட்டு முழுக்கச் செல்களை விடுவதற்குச் சின்னச் சின்னக் குழிகள் இருக்கும்; ஒவ்வொரு தட்டிலும் ஒப்பீட்டுக்கென்று சில குழிகள் உண்டு. நிச்சயமாக எதிர்ப்பொருள் உள்ள ரத்தத்தை அதில் விடுவோம். அவை ஒளிராவிட்டால் செல்களில் கோளாறு என்று அர்த்தம், தட்டையே தூக்கி எறிய வேண்டும். அன்றைய தட்டில் அவை பிரமாதமாக ஒளிர்ந்திருக்கின்றனவே, செவிட்டுச் செல்கள் எப்படி ஒளிர்ந்தன என்று கேட்டீர்கள். எனக்குத் தெரியாது என்றேன். தெரியும். ஒப்பீட்டுக் குழிகளில் இருந்தவை என் செல்கள். அன்று வந்த மற்ற நோயாளிகளின் குழிகளிலும் என் செல்கள்தான். குட்டிக்கு உரிய மூன்று குழிகளில் மட்டும் அவருடையவற்றை விட்டேன். இல்லாவிட்டால் தட்டு கழிவுக்குப் போயிருக்கும், சோதனையைத் திரும்பச் செய்யச் சொல்லியிருப்பார்கள். மற்ற நோயாளிகளும் பாதிக்கப்பட்டிருப்பார்கள். அவர்கள் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை.

மூன்று குழிகளும் இருட்டு. எதிர்ப்பொருள் இல்லை என்று கையெழுத்துப் போட்டேன். அவர் அதன் கீழே, படித்துக்கூடப் பார்க்காமல் போட்டார். ஆய்வகம் முழுக்க இனிப்பு கொடுத்தார். எனக்கு இரண்டு கொடுத்தார்.

மிச்சமிருந்த ரத்தத்தை மறுநாள் என் செல்களில் போட்டுப் பார்த்தேன். சந்தேகத்தோடு விட்டுவிடுவது என் வழக்கம் இல்லை. கல்லூரிக் காலத்தில் ஒளிர்ந்ததைவிட இப்போது அதிகமாக ஒளிர்ந்தது.

நான் நினைத்தது இதுதான். ஒரு வாரம் அவர் சந்தோஷமாக இருக்கட்டும். பிறகு அவரை என் அறைக்குக் கூப்பிட்டு இரண்டு முடிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவேன். சார், இது உங்க செல்லு, இது என் செல்லு என்பேன். அவர் முகம் வெளுக்கும். உடனே டாக்டரைக் கூப்பிடுவார், மாத்திரை ஆரம்பிப்பார்கள், குழந்தைக்கு ஒரு கேடும் வராது. அவரும் ஜென்மத்துக்கும் மறக்க மாட்டார். எவ்வளவு யோசித்தாலும் இதில் யாருக்கும் நஷ்டம் இருப்பதாக எனக்குப் படவில்லை. அந்த வாரம் அவர் வெளிநாட்டுக் கூட்டத்துக்குப் போய்விட்டார். திரும்பி வந்தவர் அங்கே கைதட்டியதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். கைதட்டலுக்கு நடுவில் சொல்கிற விஷயமா இது? நல்ல சமயம் அமையட்டும் என்று விட்டேன். அமையவில்லை.

குட்டி ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வந்தாள், அக்காவிடம் தளர்வாக உடுப்பு தைத்துக்கொள்ள. அக்கா அளவெடுத்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று, "அத்தை, ஓடி வாங்க, ஓடி வாங்க" என்று கூப்பிட்டு என் கையை எடுத்து வயிற்றில் வைத்துக்கொண்டாள். "எப்படிக் குதிக்குது பாருங்க. ஒரு நிமிஷம் சும்மா இருக்கறதில்ல."

"ஓட்டப்பந்தயத்துக்குப் போற புள்ளடி இது" என்றாள் அக்கா, வாயில் ஊசியை வைத்துக்கொண்டே.

நான் கையை எடுக்கவில்லை. அவளாக விடுகிற வரைக்கும் வைத்திருந்தேன். சுறுசுறுப்பான பிள்ளை என்று சொன்னேன். அவள் போன பிறகு அக்கா, உன் கை ஏன் இப்படி ஜில்லென்று இருக்கிறது என்று கேட்டாள். பாத்திரம் கழுவினேன் என்றேன்.

எட்டாம் மாதத்தில் குழந்தையின் நெஞ்சு நின்றுவிட்டது. ஆண் குழந்தை. எடைதான் குறைவு, மற்றபடி குறை ஒன்றும் இல்லை என்றார்கள். டாக்டர் விடவில்லை; குட்டியின் ரத்தத்தை வேறு ஆய்வகத்துக்கு அனுப்பினார். அங்கே என்ன வந்தது என்று உங்களுக்குத் தெரியும். அப்புறம்தான் நீங்கள் எல்லோரும் வந்தீர்கள், இன்குபேட்டர்களைத் திறந்தீர்கள், மேலே இருந்த செல்கள் எல்லாம் செவிடு என்று கண்டுபிடித்தீர்கள். கீழ் மூலையில் இருந்தவற்றை யாரும் சோதிக்கவில்லை.

தலைவர் என்ன செய்தார் தெரியுமா? எல்லாவற்றையும் தன் தலையில் போட்டுக்கொண்டார். விஷத்தை நிறுத்தச் சொன்னது நான், மேடம் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காதது நான், அவங்க மேல ஒரு தப்பும் கிடையாது என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டு, பதவியை எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். எவ்வளவு பெரிய மனுஷன் என்று வாசலில் நின்று பேசுகிறார்கள். கைதட்டியவர்களே இப்போது கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். செல்லும் அவருடையது, தவறும் அவருடையது, துக்கமும் அவருடையது. எனக்கு என்று இதில் என்னதான் மிச்சம்?

குட்டி அவரோடு பேசுவதில்லை. அவர் வாசலில் வந்து நின்றால் உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாளாம். என்னைப் பார்க்க வந்தாள். என் தோளில் சாய்ந்துகொண்டு, "நீங்க என்ன பண்ணுவீங்க அத்தை. அவர் சொன்னதத்தான செஞ்சீங்க" என்று அழுதாள். நான் முதுகைத் தடவிக் கொடுத்தேன். அக்கா மூலையில் நின்று விம்மினாள். அந்தத் தளர்வான உடுப்பு இன்னும் எங்கள் கடைக் கொக்கியில்தான் தொங்குகிறது. எடுத்து உள்ளே வைக்கச் சொல்லி அக்காவிடம் சொல்லியிருக்கிறேன்.

மேலே எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்த்தேன். ஒன்றைத் திருத்த வேண்டும். அவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன் என்று நேற்று உங்களிடம் சொன்னேன். அவரும், மேடத்திடம் நான் எதுவுமே கேட்கவில்லை என்று உங்களிடம் சொல்லியிருக்கிறார். அது பொய். எனக்காகச் சொன்னாரோ, இன்னும் கொஞ்சம் பெரிய மனுஷன் ஆவதற்காகச் சொன்னாரோ தெரியவில்லை. அன்று நான் அவருக்குச் சொன்ன பதில் பயத்தில் உளறியது என்றுகூட நினைத்திருக்கலாம். எப்படியானாலும் பொய் பொய்தான்.

கேட்டார். அக்கா அளவெடுத்து ஒரு வாரம் இருக்கும். மதியம், எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரம். கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தார். செல் அறைக்குள் அவராக வந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. கதவைச் சாத்தினார். என் எதிரில் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மேடம் என்று கூப்பிடவில்லை.

"டாக்டர் போன் பண்ணாங்க. குழந்தைக்கு நெஞ்சு ரொம்ப வேகமா அடிக்குதாம். ரிசல்ட் சரிதானான்னு கேக்கறாங்க" என்றார். என் பதிலுக்குக் காத்திருக்காமல் அவரே பேசினார். "நீ அன்னிக்குச் சொன்னது எனக்குப் புரியாம இல்ல. விஷத்த நிறுத்தினா என்ன ஆகும்னு எனக்கும் தெரியும். நாலு பேர் முன்னாடி விட்டுக்கொடுக்க மனசு வரல. உன்ன அப்படிப் பேசினதும் தப்பு. மன்னிச்சிடு. மேல இருக்கறதையெல்லாம் கொட்டிடலாம். எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு. குட்டியோடத எதுல போட்ட? நீ தனியா நல்ல செல்லு வச்சிருப்ப. எனக்குத் தெரியும், நீ வைக்காம இருக்க மாட்ட."

அவருக்குத் தெரிந்திருந்தது. இத்தனை நாளும் தெரிந்தே இருந்திருக்கிறார்.

மாத்திரைக்கு அப்போதும் நேரம் இருந்தது. டாக்டர் போனுக்குப் பக்கத்திலேயே காத்திருந்தார்.

"என்னோடதுலதான் போட்டேன்" என்றேன். "நல்லா ஓடின தட்டு அது. கவலப்படாம இரு."

அவர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. கொஞ்சம் கழித்து டாக்டருக்குப் போன் செய்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொன்னார். சொல்லிவிட்டு எழுந்து போகவில்லை. நீ இல்லாவிட்டால் நான் என்ன ஆகியிருப்பேன் என்றார். நாங்கள் படித்த காலத்தைப் பற்றிப் பேசினார். முதன்முதலில் ஒரு தட்டு ஒளிர்ந்தபோது நான் நாற்காலி மேல் ஏறி நின்று கத்தியது அவருக்கு ஞாபகம் இருந்தது. இது உன் செல்லு, ஊருக்குத் தெரியாட்டியும் எனக்குத் தெரியும் என்றார். சாப்பிடப் போனவர்கள் திரும்பி வரும் சத்தம் கேட்கிற வரைக்கும் அங்கேயே இருந்தார்.

உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த நிமிடமே எழுந்து ஓடியிருப்பார். எவ்வளவோ வருடம் கழித்து வந்திருக்கிறார், இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கட்டுமே என்று நினைத்தேன்.